கூரையில்லாச் சபை: நல்லூர் வீதியும் அதன் மேளமும்

ஆடி அமாவாசை கழிந்து ஆறாம் நாள் நல்லூரில் கொடி ஏறும். அதற்கு முன்பே பருத்தித்துறை வீதியில் தடுப்புகள் வந்துவிடும். கோயிலைச் சுற்றி வாகனம் ஓடாது. வெளிவீதியில் மணல் பரவியிருக்கும். சோழகக் காற்றில் பந்தல் துணி படபடக்க, யாழ்ப்பாணத்துச் சனம் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அந்த மணலில் காலை வைக்கும். ஆவணி அமாவாசைத் தீர்த்தம் வரைக்கும் 25 நாட்கள்.

பக்தி, நேர்த்திக்கடன், தூக்குக்காவடி, ஐஸ்கிறீம், வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த பிள்ளைகள் என்று இந்த நாட்களைப் பற்றி ஆண்டுதோறும் எழுதுகிறோம். எழுதாமல் விடுவது ஒன்று உண்டு. இந்த 25 நாட்களும் நல்லூர் வெளிவீதி ஈழத்தின் மிகப் பெரிய திறந்தவெளி இசை அரங்கு. நுழைவுச்சீட்டு இல்லை, இருக்கை இல்லை, மேடை இல்லை, கூரை இல்லை. அருச்சனைக்கு இன்றைக்கும் ஒரு ரூபாய்தான் வாங்கும் கோயில் இது. அதன் வாசலில் காலையும் மாலையும் நடக்கும் நாதஸ்வரக் கச்சேரிக்கு அந்த ஒரு ரூபாய் கூடத் தேவையில்லை. நின்று கேட்க ஆள்தான் வேண்டும்.

வசந்தமண்டபப் பூசை முடிந்து சுவாமி எழுந்தருளும் நேரத்தைப் பாருங்கள். நல்லூரின் நேரந்தவறாமை ஊரறிந்தது. சொன்ன மணிக்குத் திரை விலகும். அந்தக் கணத்தில் மேளம் எடுப்பது மல்லாரி. கம்பீரநாட்டையில் சாகித்தியம் எதுவும் இல்லாமல், தாளக் கணக்கின் மேலேயே நிற்கும் உருப்படி அது. தேருக்கு ஒரு மல்லாரி, தீர்த்தத்துக்கு ஒரு மல்லாரி என்று வகை உண்டு. கண்ணை மூடிக்கொண்டு நின்றாலும் சுவாமி புறப்பட்டுவிட்டார் என்பதை அதை வைத்தே அறியலாம். பிறகு வீதிக்கு வீதி வாசிப்பு மாறும். நேரம் வாய்த்த இடத்தில் இராக ஆலாபனை, கீர்த்தனை, பல்லவி. சுவாமி அசையாமல் நின்றால் மேளமும் நின்று விரியும், சுவாமி நகர்ந்தால் மேளமும் நகரும். முன்னால் நாதஸ்வரமும் தவிலும், நடுவில் சுவாமி, பின்னால் வேதமும் திருமுறையும், அதற்கும் பின்னால் கைத்தாளம் தட்டித் திருப்புகழ் பாடிவரும் சனம். ஒரே வீதியில் ஒரே நேரத்தில் இத்தனை இசை நடக்கிறது. சுவாமிக்கு முன்னால் நடப்பவர் கேட்டதும் பின்னால் நடப்பவர் கேட்டதும் வேறுவேறாக இருக்கும்.

நாதஸ்வரம் வெட்டவெளிக்கென்றே பிறந்த கருவி. ஆச்சா மரத்தில் கடைந்த குழல், அடியில் விரிந்த அணசு, நுனியில் கொறுக்கையில் செய்த சீவாளி. மூச்சு முழுவதும் அந்தச் சிறிய சீவாளிக்குள்ளால்தான் போகவேண்டும். நீளம் குறைந்து சுருதி கூடியது திமிரி, நீண்டு சுருதி தாழ்ந்தது பாரி. இன்று நாம் கேட்பது பெரும்பாலும் பாரி. அதைப் பரவலாக்கியவர் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை. காவிரிக்கரை நரசிங்கம்பேட்டையில் செய்யப்படும் நாதஸ்வரம் 2022இல் புவிசார் குறியீடு பெற்றது. கூடவே வரும் தவிலுக்குப் பலாமரக் கட்டை. வலந்தலையில் கை, தொப்பியில் கழி.

கச்சேரி தொடங்குமுன் தவில்காரருக்குப் பக்கத்தில் போய் நின்று அவர் கையைப் பார்க்கவேண்டும். வலக்கை விரல்கள் ஒவ்வொன்றாகக் கூட்டுக்குள் போகும். துணியும் பசையும் சேர்த்துச் சுற்றிக் காயவைத்த கூடு அது, கல்லைப் போல இறுகியிருக்கும். ஒவ்வொன்றையும் தட்டிப் பார்ப்பார். தளர்ந்திருந்தால் கழற்றி, சிறு துணித்துண்டை உள்ளே வைத்து மறுபடி மாட்டுவார். இடக்கையில் பூவரசங்கழி. தோளில் வாரை இழுத்து இறுக்குவார். அந்தப் பாரத்தோடு நின்றும் நடந்தும் மணிக்கணக்காக வாசிக்கவேண்டும். அருகில் நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயில் வைத்து நனைத்துக்கொண்டிருப்பார். மாற்றுச் சீவாளிகள் குழலில் கட்டிய நூலில் தொங்கும். அதே நூலில் சீவாளியின் வாயைத் திருத்தும் ஊசியும் தொங்கும். வெயில் ஏறினால் ஒரு சீவாளி, ஈரக்காற்று வந்தால் வேறொன்று. மணலில் நிற்கும் நமக்கு இந்த வேலை எதுவும் தெரிவதில்லை. "மேளம் தொடங்கிட்டுது" என்று மட்டும் சொல்லிவிட்டு நடக்கிறோம்.

இந்த அரங்கை நடத்துவது கோயில் மட்டும் இல்லை. சுற்றியுள்ள அயலும் சேர்ந்துதான் நடத்துகிறது. திருவிழா தொடங்கினால் கோயிலைச் சுற்றியுள்ள வீடுகளின் முற்றங்கள் சைக்கிளும் மோட்டார்சைக்கிளும் விடும் இடமாக மாறும். தென்னோலை கட்டிய தண்ணீர்ப்பந்தல்களில் மோரும் சர்க்கரைத் தண்ணீரும் வார்ப்பார்கள். யாருக்கும் காசு கேட்பதில்லை. அடுத்த வரிசையில் கச்சான் கடை, காப்புக்கடை, தும்புமிட்டாய், விளையாட்டுச் சாமான். வறுத்த கச்சானின் மணம் வராமல் நல்லூர்த் திருவிழா இல்லை. விடியற்காலையில் ஈரத்துணியோடு ஆண்கள் பிரதட்டை செய்யும் அதே மணலில், பெண்கள் அடியழிக்கும் அதே மணலில், மாலையில் குடும்பங்கள் கால்நீட்டி அமர்ந்து ஊர்க்கதை கதைக்கும். ஆண்டில் மற்றெந்த நாளும் சந்திக்காத உறவு இந்த மணலில் சந்திக்கும்.

இந்த அயலுக்கு நீண்ட நினைவு இருக்கிறது. யாழ்ப்பாண அரசின் தலைநகர் நல்லூர். சட்டநாதர், வெயிலுகந்த பிள்ளையார், கைலாசநாதர், வீரமாகாளியம்மன் என நாலு திசையிலும் காவற்கோயில்கள் இருந்த ஊர். பழைய கந்தசுவாமி கோயிலை 1621இல் போர்த்துக்கேயத் தளபதி பிலிப் டி ஒலிவேரா இடித்தான். இப்போது நாம் கும்பிடும் கோயில் ஒல்லாந்தர் காலத்தில், 1734இல், குருக்கள் வளவில் எழுந்தது. தெற்கே நிற்கும் ஒன்பது நிலைச் சண்முக இராஜகோபுரம் 2011இல் வந்தது. வடக்கே குபேர வாசல் கோபுரம் 2015இல் வந்தது. தேரடியில் செல்லப்பா சுவாமி இருந்தார். அங்கே அவரைக் கண்டவர் யோகர் சுவாமி. யோகரின் நற்சிந்தனைப் பாடல்களை இன்றும் இந்த வீதியில் கேட்கலாம். ஆறுமுக நாவலர் பிறந்ததும் நல்லூரில்தான். 1987 செப்டெம்பரில் திலீபன் நீரும் அருந்தாமல் பன்னிரண்டு நாட்கள் கிடந்து உயிர்விட்டதும் இந்தக் கோயிலின் வீதியில்தான். அந்த நாட்களில் இங்கே கூடிய சனத்தின் மௌனத்தையும் இந்த மணல் அறியும்.

நாவலரைச் சொன்னால் இசைக் கதையில் ஒரு திருப்பத்தையும் சொல்லவேண்டும். கோயில்களில் தாசியர் ஆட்டத்தை, யாழ்ப்பாணத்தார் சின்னமேளம் என்று சொன்னதை, அவர் கடுமையாகக் கண்டித்தார். அவர் கண்டித்த பின்பும் சின்னமேளம் உடனே நின்றுவிடவில்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரைக்கும் தமிழ்நாட்டிலிருந்து சின்னமேளம் வந்தது, சனமும் திரண்டது. காலப்போக்கில் அது ஒழிந்தபின் கோயில் வீதியில் தனியரசு செய்தது பெரியமேளம், அதாவது நாதஸ்வரமும் தவிலும். உபயகாரர்களுக்குள்ளே போட்டி எழுந்தது. ஐந்தாம் திருவிழாக்காரர் இரண்டு கூட்டம் மேளம் பிடித்தால் ஆறாம் திருவிழாக்காரர் நாலு கூட்டம் பிடிப்பார். வலிகாமத்துக் கோயில்களில் இரவிரவாக மேளச்சமா நடந்தது. ராஜரத்தினம் பிள்ளை, காருகுறிச்சி அருணாசலம், ஷேக் சின்ன மௌலானா போன்றவர்கள் கடல்கடந்து வந்து இந்த மணலில் வாசித்தார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் உள்ளூர்க் கூட்டமும் இருக்கும். எதிரே தாளம் போட்டுக்கொண்டு, கணக்குப் பிசகினால் முகம் சுளிக்கும் கமக்காரனும் இருப்பான். வித்துவானுக்கு அதைவிடப் பெரிய பரீட்சை எது?

அந்தப் பரீட்சையிலிருந்துதான் யாழ்ப்பாணத்துத் தவில் வளர்ந்தது. தவிலை நாதஸ்வரத்துக்குப் பக்கவாத்தியமாக மட்டும் வைத்துக் கேட்காத ஊர் இது. பல தவில்கள் வட்டமாக நின்று ஒன்றுக்கொன்று விடைசொல்லும் சமாவுக்காகவே இரவு முழுக்கச் சனம் விழித்திருந்தது. இணுவிலில் தவில் வித்துவான் விசுவலிங்கத்தின் மகனாக 1933இல் பிறந்த தெட்சணாமூர்த்தி இந்த வீதிகளில் உருவானவர். பின்னர் அளவெட்டியில் வாழ்ந்தார். தமிழ்நாட்டிலும் வாசித்தார், அங்குள்ள பெரிய தவில்காரர்களே வியந்து கேட்டார்கள். 1975இல், 42 வயது ஆகுமுன்பே, காலமாகிவிட்டார். அவர் வாசிப்பைக் கேட்டவர்கள் இன்றும் வலக்கையைக் காற்றில் அசைத்துக் காட்டித்தான் அவரைப் பற்றிப் பேசுவார்கள், சொல்லிக் காட்ட அவர்களிடம் வார்த்தை இராது. அம்ஷன் குமார் அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படம் இந்தியாவின் 63ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் பரிசு பெற்றது. நாம் செய்திருக்கவேண்டிய வேலையைத் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் செய்தார். அவருக்கு நன்றி.

நாதஸ்வரத்தில் நல்லூருக்கென்றே ஒரு பெயர் உண்டு: அளவெட்டி என்.கே. பத்மநாதன். நல்லூர் ஆஸ்தான வித்துவானாக நீண்டகாலம் இந்த வீதியில் வாசித்தவர், 2003இல் மறைந்தார். சாவகச்சேரி கே.எம். பஞ்சாபிகேசன், கானமூர்த்தி–பஞ்சமூர்த்தி சகோதரர்கள், தவிலில் நாச்சிமார்கோயிலடி கணேசபிள்ளை, கைதடி பழனி, இணுவில் சின்னராசா என்று இந்த வரிசை நீளும். பெயர்களுக்கு முன்னால் ஊர் நிற்பதைக் கவனியுங்கள். இணுவில், அளவெட்டி, சாவகச்சேரி, கைதடி என்று ஒரு ஊருக்கு ஒரு வாசிப்பு. நல்லூரிலிருந்து காங்கேசன்துறை வீதி வழியே வடக்கே சைக்கிள் மிதித்தால் இணுவில், அதற்கடுத்து மருதனார்மடம். அங்கேதான் சேர் பொன். இராமநாதன் பெயரில் 1960இல் இசைக்கல்லூரி தொடங்கியது. மகாராஜபுரம் சந்தானம் வந்து அதிபராக இருந்தார். இப்போது அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு இணைந்துவிட்டது. மயிலைக் கற்பகவல்லி மீது டி.எம். சௌந்தரராஜன் பாடி உலகமெல்லாம் கேட்ட பாடலை இயற்றிய வீரமணி ஐயரும் இணுவில்காரரே. நல்லூர் வீதிக்கு வந்து சேரும் இசை இந்த ஊர்களின் திண்ணைகளிலும் கொட்டில்களிலும் பாடம்பண்ணப்பட்டது.

கசப்பான பக்கத்தையும் மறைக்கக்கூடாது. வீதியில் கைதட்டி மெச்சிய ஊர், அதே வித்துவான் வீட்டுக்கு வந்தால் சரிசமமாக இருத்திச் சோறு போட்டதா? பல காலம் இல்லை. மேளகாரர் என்ற சாதிப் பெயரால்தான் அவரை அழைத்தார்கள். தோளிலிருந்த சால்வையை இடுப்பில் கட்டச் சொன்ன காலம் இருந்தது. கேட்பவர்களிலும் எல்லோரும் எல்லா இடத்திலும் நின்று கேட்க முடியவில்லை. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில், உள்ளே போகும் உரிமை கேட்டு ஒடுக்கப்பட்ட மக்கள் நின்றார்கள். கதவை மறித்து நின்றவர்களும் தமிழர்கள்தான். கூரையில்லாத சபை எல்லோருக்கும் திறந்த சபையாக மாறியது போராட்டத்தால். இன்றைக்கு நல்லூர் மணலில் யார் பக்கத்தில் யார் இருக்கிறார் என்று கேட்காமல் இருக்கிறோம் என்றால், அதற்கு அடி வாங்கியவர்கள் இருக்கிறார்கள்.

போர் இந்த அரங்கை மெல்ல மெல்ல மூடியது. ஊரடங்கு வந்தபோது இரவிரவான கச்சேரி முதலில் போனது. 1990இலிருந்து மாவிட்டபுரமும் கீரிமலையும் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டன. வலிகாமம் வடக்கின் கோயில் வீதிகளில் புல் முளைத்தது. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் நடந்து வெளியேறியபோது, தலைமுறை தலைமுறையாக ஒரே ஊரில் வாசித்த குடும்பங்களும் சிதறின. தவிலைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் பின்னர் கொழும்பில், ரொறன்ரோவில், லண்டனில் வாசித்தார்கள். 2006 ஓகஸ்ட் 11இல் ஏ-9 வீதி மூடப்பட்டது நல்லூர்த் திருவிழாக் காலத்தின் நடுவில். அப்படிப்பட்ட ஆண்டுகளிலும் நல்லூரில் மேளம் நின்றுவிடவில்லை. வானத்தில் விமானம் இரைந்த நாட்களிலும் மல்லாரி எடுத்தவர்களை நாம் வித்துவான்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகமுடியாது.

இப்போது போர் இல்லை, வேறு சத்தம் வந்திருக்கிறது. வீதித்தடைக்கு வெளியே கம்பனிகளின் விளம்பரக் கூடாரங்கள். ஒவ்வொன்றிலும் ஒலிபெருக்கி. சுவாமி வீதியைத் திரும்பும் நேரத்தில் கல்யாணியோ தோடியோ விரிந்துகொண்டிருக்கும், அந்தப் பக்கத்திலிருந்து சிம் அட்டைச் சலுகை முழங்கும். சுவாமியைச் சுற்றிக் கைகள் எல்லாம் கைத்தொலைபேசியோடு உயர்ந்திருக்கும். வித்துவானைப் படம் பிடிப்பவர்கள் பலர், அவர் பிடித்த இராகத்தைப் பிடிப்பவர்கள் சிலர். பேருக்கு நாதஸ்வரத்துக்கு முன்னாலும் மைக்கை வைத்துவிடுகிறோம். வெட்டவெளியில் தானே நின்று முழங்கும் கருவிக்கு மைக் எதற்கு? அது தவிலின் நுணுக்கத்தைத் தின்றுவிடுகிறது. சிறிய கோயில்களில் நிலைமை இன்னும் மோசம். இரண்டு மணிநேரம் மேளத்தை ஒப்புக்கு வாசிக்கவிட்டு, பிறகு இசைக்குழுவின் பெட்டி ஒலிபெருக்கிகளுக்கு வீதியைக் கொடுத்துவிடுகிறார்கள். இசைக்குழுவும் வேண்டும், அதில் பாடி வளர்ந்த நல்ல கலைஞர்கள் நம்மிடையே உண்டு. மேளத்தின் நேரத்தை வெட்டித்தான் அது நடக்கவேண்டுமா?

2024 பெப்ரவரி 9ஆம் திகதி யாழ் முற்றவெளியில் ஹரிஹரன் இசை நிகழ்ச்சி நடந்தது. காசு கொடுத்தவர்களுக்கு முன்னே இருக்கை, மற்றவர்களுக்குப் பின்னே தடுப்பு. சனம் முண்டியது, தடுப்பு உடைந்தது, நிகழ்ச்சியை இடையில் நிறுத்தவேண்டி வந்தது, காயப்பட்டவர்களும் உண்டு. மறுநாள் பத்திரிகையிலும் முகநூலிலும் "யாழ்ப்பாணத்தாருக்கு இசை நிகழ்ச்சியில் நடந்துகொள்ளத் தெரியாது" என்று எழுதினார்கள். நான் அதை ஏற்கமாட்டேன். அன்றைய சனத்தைவிடப் பல மடங்கு சனம் நல்லூர்த் தேரன்று காலை ஏழு மணிக்கு அந்த வீதியில் நிற்கிறது. வடத்துக்கு வழி விடுகிறது. காவடிக்கு வழி விடுகிறது. மேளத்துக்கு வட்டம் விட்டு நிற்கிறது. ஆயிரக்கணக்கில் கூடி நின்று இசை கேட்க இந்தச் சனத்துக்குப் பரம்பரையாகத் தெரியும். முன்வரிசை பின்வரிசை என்று பிரித்து, பின்வரிசைக்கு மேடையே தெரியாமல் செய்த இடத்தில்தான் அது குழம்பியது. முற்றவெளியில் அடுத்த நிகழ்ச்சி நடத்தப்போகிறவர்கள் ஒரு தேர்த்திருவிழாக் காலையில் நல்லூருக்கு வந்து, தொண்டர்கள் சனத்தை எப்படி நகர்த்துகிறார்கள் என்று நின்று பார்க்கட்டும்.

அடுத்த தலைமுறை எங்கே என்ற கேள்விக்கு என்னிடம் முழு நம்பிக்கையும் இல்லை, முழுக் கவலையும் இல்லை. நல்லூரில் இன்று வாசிப்பவர்கள் திறமைசாலிகள். பழைய வித்துவான்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அவர்களில் உண்டு. ஆனால் திருவிழாக் காலம் ஆனி, ஆடி, ஆவணியோடு முடிந்துவிடும். மற்ற மாதங்களில் கலியாண வீடுதான், அங்கே தாலிகட்டும்போது கெட்டிமேளம் கேட்டால் போதும் என்பார்கள். ஒரு பையன் பத்து ஆண்டு தவில் பழகுகிறான். விரல் நகம் கிழிந்து கூடு போடப் பழகுகிறான். அவனுக்குக் கச்சேரிக்கு ஆள் வேண்டும். பணமும் வேண்டும், அதைவிட முக்கியமாக "அந்தக் கணக்கு எப்படி வந்தது தம்பி" என்று கேட்கும் ஒருவர் வேண்டும். அந்தக் கேள்விதான் தெட்சணாமூர்த்திகளை உருவாக்கியது.

கோயில் நிர்வாகங்களிடமும் மாநகரசபையிடமும் ஒரு வேண்டுகோள். திருவிழா நாட்களில் சுவாமி வெளிவீதியில் நிற்கும் நேரம் முழுவதும் சுற்றயலில் உள்ள எல்லா ஒலிபெருக்கிகளையும் நிறுத்துங்கள். நல்லூரிலிருந்து தொடங்குங்கள், மற்றக் கோயில்கள் பின்னால் வரும். உபயகாரர்களே, வாணவேடிக்கைக்குச் செலவிடும் காசில் ஒரு பங்கை மேளத்துக்குக் கொடுங்கள், ஒரு நாளாவது பழையபடி இரண்டு கூட்டம் பிடித்து விடிய விடிய வாசிக்கவிடுங்கள். வாசகரே, அடுத்த திருவிழாவில் சுவாமி கும்பிட்டபின் கச்சான் வாங்கப் போகுமுன் மேளத்துக்குப் பக்கத்தில் பத்து நிமிடம் நில்லுங்கள். கைத்தொலைபேசியைப் பையில் வையுங்கள். பிள்ளையைத் தோளில் தூக்கி, தவில்காரரின் வலக்கை தெரியும்படி பிடியுங்கள்.